ஓநாய் இருக்கும் இடம்

மதியம் மூன்று மணிக்கு டெம்போவில் வந்து இறங்கியது ஹார்ப்சிகார்ட்,
நீலத் தார்ப்பாய் போர்த்தி, பிணம் மாதிரி.
பைகுல்லா. ஜூலை.
சர்ச் ஹால் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு,
வாளி வைத்திருந்தார்கள்.
வாளியின் சொட்டு எந்தச் சுரத்திலும் சேரவில்லை.
கேட்டுப் பார்த்துவிட்டேன், தொழில் புத்தி.

பகலில் நான் லிஃப்ட் மெக்கானிக்.
அந்தேரி கிழக்கில் நாற்பத்தொரு கட்டடம் என் பொறுப்பு.
இரும்புக் கயிற்றை விரலால் சுண்டினால்
எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.
நெவில் அதை ஒருநாள் தன் ஆறாம் மாடியில் பார்த்துவிட்டு
"உனக்கு வேறொரு வேலை இருக்கிறது" என்றான்.
அப்படித்தான் வந்தது இந்தச் சாவி என் கைக்கு.

ஐந்து பேர். முந்நூறு, நானூறு வருஷத்துப் பாட்டு.
பெர்சிஸ் முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் காம்பாவுக்கு
ஆட்டுக் குடல்தான் நரம்பு.
உடம்பில் ஓடுவதற்கும் வாத்தியத்தில் கட்டுவதற்கும்
எங்கள் மொழியில் ஒரே சொல் என்று சொன்னேன்.
சும்மா தலையாட்டினாள்.
நாலரை மணிக்கு ஈரம் ஏறி மேல் நரம்பு அறுந்தபோது
தன் கையை உதறிக்கொண்டாள்.

ஹார்ப்சிகார்டுக்குள் தந்தியை மீட்டுவது காக்கை இறகு.
இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது,
நெவில் பிடிவாதமாக நாலு கட்டைக்கு மட்டும்
இறகு செதுக்கிப் போடுவான்.
வெளியே கேபிள் ஒயரில் உட்கார்ந்து கத்தும் சொந்தக்காரர்களுக்கு
இது தெரியாது.

பிறகு, ஓநாய்.

பஞ்சமம் பஞ்சமமாகக் கட்டிக்கொண்டு போவேன்,
ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை குறைத்து.
அப்போதுதான் காந்தாரம் தளும்பாமல் நிற்கும்.
பதினொன்று கட்டி முடிக்கையில்
குறைத்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து
பன்னிரண்டாவதில் வந்து உட்கார்ந்திருக்கும்.
அந்த இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஊளை.
அந்தக் காலத்து ஆட்களே அதற்கு
ஓநாய் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

சாவியைக் கொஞ்சம் திருப்பி அதை இடம் மாற்றலாம்.
கொல்ல முடியாது.
பியானோக்காரர்கள் கூறு போட்டு
பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்துவிட்டார்கள்;
எல்லா அடுப்பிலும் கொஞ்சம் கவிச்சி,
யாருக்கும் தெரிவதில்லை.
நான் முழுசாக,
யாரும் போகாத மூலையில் கட்டிப்போடுவேன்.
அதுதான் வேலை. இரண்டாயிரம் ரூபாய், டீ, வடாபாவ்.

இடைவேளையில் கூட்டம் டீக்குப் போனபோது
லவினா வந்தாள், கழுத்தில் மப்ளர்.
"தொண்டை கட்டிக்கொண்டது.
கடைசிப் பாட்டை ஒரு படி இறக்கிக்கொள்ளலாம்."
நெவில் சரி என்றான்.
ஒரு படி இறங்கினால் அந்த மூலை.
"பத்து நிமிஷம் கொடுங்கள்" என்றேன்.
மணி அடித்துவிட்டார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன்,
கூண்டில் ஆள் இருக்க, பிரேக்கைக் கழற்றியவன் மாதிரி.

கடலில் போய்த் திரும்பாத படகுக்காரனை
அவன் மனைவி கரையில் நின்று கூப்பிடுகிற பாட்டாம்.
இத்தாலி மொழி. ஒரு சொல்லும் தெரியாது எனக்கு.
மூன்றாவது தடவை கூப்பிடும்போது
நெவிலின் இடதுகை அங்கே இறங்கியது.

ஊளை.

அவன் கையை எடுக்கவில்லை.
லவினா அதன் மேலேயே ஏறி நின்று
அந்தப் பெயரை இன்னொரு தரம் சொன்னாள்.
வாளியில் சொட்டு.
கல்யாண் ஸ்லோ ஒன்று சன்னல்களை உலுக்கிக்கொண்டு போனது.
முன்வரிசையில் ஒருவர், மடியில் ஈரக் குடை,
வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கைதட்டல் ஓய்ந்து நாற்காலிகளை மடிக்கையில்
யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.
பெர்சிஸ் வில்லைத் தளர்த்திக்கொண்டே கேட்டாள்:
"இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?"

திங்கட்கிழமை காலை. ஒன்பதாம் மாடி.
கூண்டின் தலைமேல் நின்று
ஐந்து கயிற்றையும் சுண்டினேன்.
நாலு ஒத்துப் பேசின.
ஐந்தாவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு முறுக்கினேன்.
அதில் ஆட்கள் ஏறுவார்கள்.